ஒரு வெள்ளை மிளகு, மூன்று வழிகள்: மாற்று உற்பத்தி முறைகளைத் திட்டமிடுதல்

வெள்ளை மிளகுக்கென்று தனிக் கொடி கிடையாது. கறுப்பு மிளகு தரும் அதே கொடியின் மணிதான் தோல் நீங்கியதும் வெள்ளை மிளகாகிறது. தோலை நீக்கப் பல வழிகள் உண்டு. கொடியிலேயே பழுத்துச் சிவந்த மணிகளைச் சாக்கில் கட்டி ஓடும் நீரில் ஏழெட்டு நாள் போட்டுவைத்தால் தோல் அழுகி இளகும். கசக்கிக் கழுவி வெயிலில் காயவைத்தால் வேலை முடிந்தது. இந்தோனேசியாவின் பாங்கா தீவிலிருந்து முன்டோக் என்ற பெயரில் உலகெங்கும் போகும் வெள்ளை மிளகு இப்படி ஊறவைத்து எடுப்பதுதான். பழம் கிடைக்காத பருவத்தில், காய்ந்த கறுப்பு மிளகையே தொட்டியில் இரண்டு வாரம்வரை ஊறவைத்துத் தோலுரிக்கலாம். ஊறலே இல்லாமல், காய்ந்த மிளகை இயந்திரத்தில் உரசித் தோலைச் சீவியும் எடுக்கலாம். எந்த வழியில் எடுத்தாலும் சாக்கின் மேல் எழுதும் பெயர் வெள்ளை மிளகுதான். ஆனால் உள்ளே போகும் சரக்கு, பிடிக்கும் நாள், தேவைப்படும் ஆளும் இயந்திரமும், கடைசியில் மிஞ்சுவது எல்லாம் முறைக்கு முறை மாறும்.

ஒரே பொருளை இப்படிப் பல வழியில் செய்ய முடிகிறபோது, எந்த மூலப்பொருளை எப்போது எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணினி எப்படிக் கணக்கிடுகிறது? மூலப்பொருள் தேவைத் திட்டமிடல் என்ற மென்பொருள் வகைக்கு இது பழைய சிக்கல். இந்த வகையை உலகம் எம்ஆர்பி என்று சுருக்கிச் சொல்கிறது. (பொட்டலத்தில் அச்சாகும் அதிகபட்ச சில்லறை விலைக்கும் இதே மூன்றெழுத்துதான், இரண்டுக்கும் தொடர்பில்லை.)

கொச்சியின் மட்டாஞ்சேரியும் அதைச் சுற்றியுள்ள வட்டாரமும் இந்தச் சிக்கலைப் பார்க்கப் பொருத்தமான இடம். காயலை ஒட்டிய பஜார் சாலையிலும் ஜூ டவுனிலும் மிளகு, சுக்கு, ஏலக்காய்க் கிடங்குகள் தலைமுறைகளாக இருந்துவருகின்றன. மிளகு முன்பேர வணிகத்துக்காக 1957இல் தொடங்கிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் ஜூ டவுனில்தான் இயங்கியது. 1987இல் அமைந்த நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகம் கொச்சி நகரில் இருக்கிறது. கிழக்கே கோலஞ்சேரியில் 1972இல் தொடங்கிய சிந்தைட் நிறுவனமும், அதன் பின் வந்த மற்ற சாறு எடுக்கும் ஆலைகளும், மிளகை எண்ணெயாகவும் ஓலியோரெசின் என்ற சாறாகவும் மாற்றி ஏற்றுமதி செய்கின்றன. முறத்தில் புடைத்துச் சல்லடையில் சலிக்கும் கிடங்கு முதல் அழுத்தக் கலன்கள் கொண்ட ஆலைவரை எல்லாம் ஒரே சரக்கைச் சுற்றி, ஒரே வட்டாரத்தில் அமைந்திருக்கின்றன.

முதலில் எம்ஆர்பி வந்த கதை. கணினி வருவதற்கு முன் தொழிற்சாலைகள் பெரும்பாலும் கையிருப்பு ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் மீண்டும் வாங்கும் முறையையே பின்பற்றின. எண்ணெய் தீர்ந்தால் எண்ணெய் வாங்கும் வீட்டு வழக்கத்தைப் போன்றது அது. 1960களில் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஒர்லிக்கி முதலானோர் வேறு கோணத்தில் யோசித்தார்கள். விற்பனைப் பொருளுக்கு எவ்வளவு கிராக்கி வரும் என்பதை ஊகிக்க வேண்டியிருக்கிறது; ஆனால் அதன் உள்ளே போகும் பொருளுக்கான தேவையை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்பது அவர்களின் அடிப்படை. அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1964இல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒர்லிக்கியின் நூல் 1975இல் வெளிவந்தது. இன்று எஸ்ஏபி, ஆரக்கிள் போன்ற பெரிய மென்பொருள்களிலும், மும்பையில் பிறந்த திறமூல மென்பொருளான இஆர்பிநெக்ஸ்டிலும் ஓடும் திட்டக் கணக்கின் எலும்புக்கூடு அவர் விவரித்ததுதான்.

அந்தக் கணக்குக்கு மூன்று தகவல்கள் வேண்டும். எந்தத் தேதியில் எவ்வளவு சரக்கு கொடுக்க வேண்டும் என்ற முதன்மை அட்டவணை ஒன்று. கையில் எவ்வளவு இருக்கிறது, வழியில் எவ்வளவு வந்துகொண்டிருக்கிறது என்ற இருப்புக் கணக்கு இன்னொன்று. ஒரு பொருளைச் செய்ய எது எது எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் மூலப்பொருள் பட்டியல் மூன்றாவது. பட்டியலோடு, எந்த இயந்திரத்தில் எந்த வரிசையில் எவ்வளவு நேரம் என்று சொல்லும் செய்முறை வரிசையும் சேரும். தொழிற்சாலைகளில் இதை ரூட்டிங் என்பார்கள். மென்பொருள் மேலிருந்து கீழாக இறங்குகிறது. தேவையிலிருந்து இருப்பைக் கழிக்கிறது. மிச்சத்தைப் பட்டியலின் விகிதத்தால் பெருக்குகிறது. செய்ய எடுக்கும் நாளைத் தேதியிலிருந்து பின்னுக்குத் தள்ளுகிறது. வரும் விடையை அடுத்த படிக்கான தேவையாக வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்கிறது.

இந்த அமைப்பில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரே பட்டியல், ஒரே செய்முறை வரிசை என்பதே அது. விசிறிக்கும் துளையிடும் கருவிக்கும் இது பொருந்தும். வயலிலும் தோட்டத்திலும் தொடங்கும் தொழில்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

வெள்ளை மிளகையே கணக்கில் எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை; நடப்பில் ரகத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். மார்ச் 31 அன்று 1,000 கிலோ வெள்ளை மிளகு கப்பலேற வேண்டும். கிடங்கில் 200 கிலோ இருக்கிறது. ஆக, நிகரத் தேவை 800 கிலோ. இதுவரை மூன்று முறைகளுக்கும் ஒரே கணக்குதான்.

முதல் முறையில் பழுத்த மணியிலிருந்து கால் பங்கு வெள்ளை மிளகு தேறும் என்று கொண்டால் 3,200 கிலோ பழம் வேண்டும். ஊற 8 நாள், கசக்கிக் கழுவ 1, காய 4 என்று மொத்தம் 13 நாள். எனவே மார்ச் 18 அன்று பழம் ஊறவைக்கும் இடத்தில் இருந்தாக வேண்டும். இரண்டாம் முறையில் கறுப்பு மிளகிலிருந்து நூற்றுக்கு எழுபது தேறும் என்றால் 1,143 கிலோ கறுப்பு மிளகு வேண்டும். ஊற 14, கழுவ 1, காய 3 என 18 நாள் பிடிக்கும். மார்ச் 13 அன்றே தொடங்கியிருக்க வேண்டும். மூன்றாம் முறையில் இயந்திரம் மணியையும் கொஞ்சம் தேய்த்துவிடுவதால் நூற்றுக்கு அறுபத்தைந்துதான் தேறும். 1,231 கிலோ கறுப்பு மிளகு தேவை. ஆனால் இரண்டே நாள் வேலை. மார்ச் 29 அன்று தொடங்கினாலும் கப்பலைப் பிடித்துவிடலாம்.

ஆர்டர் மார்ச் 16 அன்று வந்தால் என்ன ஆகும்? இரண்டாம் முறையை மட்டும் அறிந்த மென்பொருள், தொடங்க வேண்டிய நாள் கடந்துவிட்டது என்று சிவப்பில் எச்சரிக்கும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. முதல் முறையை மட்டும் அறிந்த மென்பொருள், இரண்டு நாளில் மூன்று டன்னுக்கு மேல் பழம் பறித்துக் கொண்டுவரச் சொல்லும். அதே ஆர்டர் ஜூன் மாதத்துக்கு வந்திருந்தால் கொடியில் பழமே இருக்காது. கேரளத்தில் மிளகு அறுவடை நவம்பரில் சமவெளியில் தொடங்கி மார்ச்சு வாக்கில் மலைப்பகுதிகளில் முடிந்துவிடும். கிடங்கில் பழகிய கணக்குப்பிள்ளைக்கு இது சொல்லித்தர வேண்டிய விஷயமே அல்ல. ஆனால் அவர் மனதில் இருக்கும் வரை அது மென்பொருளுக்குத் தெரியாது. மாற்று முறைகளைத் திட்டத்தில் சேர்ப்பது என்றால் அந்த அறிவை மென்பொருள் படிக்கும் தகவலாக மாற்றி எழுதுவதே.

மென்பொருள்கள் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடுகளில் எஸ்ஏபியின் உற்பத்திப் பதிப்பு தெளிவானது. ஒரு மூலப்பொருள் பட்டியலையும் ஒரு செய்முறை வரிசையையும் சேர்த்துக் கட்டி ஒரு பதிப்பாக்குகிறார்கள். அந்தப் பதிப்பு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும், எவ்வளவு அளவிலிருந்து எவ்வளவு அளவுவரை செல்லும் என்ற இரண்டு எல்லைகளையும் அதோடு எழுதுகிறார்கள். மிளகுப் பழத்தை ஊறவைக்கும் பதிப்புக்குத் தேதி எல்லை அறுவடைக் காலம். இயந்திரத்தில் சீவும் பதிப்புக்கு அளவு எல்லை முக்கியம். ஐம்பது கிலோவுக்காக இயந்திரத்தைக் கழுவி ஓட்டுவது வீண். திட்டக் கணக்கு ஓடும்போது தேதியும் அளவும் பொருந்துகிற பதிப்பை மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ஒன்றுக்கு மேல் பொருந்தினால் வரிசையில் முதலில் நிற்பதை எடுக்கும்; இல்லையென்றால், இதற்கு நூற்றுக்கு அறுபது, அதற்கு நாற்பது என்று பங்கீடு எழுதி வைத்து அதன்படி பிரிக்கச் சொல்லலாம்.

மற்ற மென்பொருள்களில் ஏற்பாடு இதைவிட எளிது. இஆர்பிநெக்ஸ்டில் ஒரு பொருளுக்கு எத்தனை பட்டியல் வேண்டுமானாலும் வைக்கலாம். அவற்றுள் ஒன்று இயல்பான பட்டியல் என்று குறிக்கப்படும். உற்பத்தித் திட்டம் போடும்போது இயல்பான பட்டியல் வந்து உட்காரும். மாற்ற வேண்டுமானால் திட்டமிடுபவர் கையால் மாற்ற வேண்டும். சிறிய கிடங்குக்கு இதுவே போதும். சொல்லப்போனால் பல இடங்களில் இதுவே நல்லது. காரணம் பின்னால் வரும்.

எந்த ஏற்பாடானாலும் ஒன்றை மறக்கக் கூடாது. முறையைத் தேர்ந்த பிறகுதான் மூலப்பொருள் கணக்கு தொடங்க முடியும். 3,200 கிலோ பழமா, 1,231 கிலோ காய்ந்த மிளகா என்பது முடிவாகாமல் கீழ்ப் படிகளுக்குத் தேவையே பிறக்காது. அதனால் தேர்வுக்கான விதி திட்டக் கணக்கு ஓடுவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அடிப்படைக் கணக்கு மலிவானதைத் தேடித் தருவதில்லை. எழுதப்பட்ட விதியை அது நிறைவேற்றுகிறது.

இரண்டு முறைகளை ‘மாற்று’ என்று பதிவதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. முடிவில் வருவது ஒரே பொருள்தானா? வாங்குகிறவர் இரண்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார் என்றால் அவை மாற்று முறைகள். ஒன்றை ஏற்று மற்றதைத் திருப்பி அனுப்புவார் என்றால் அவை இரண்டு பொருள்கள். இரண்டுக்கும் தனித்தனி ஐட்டம் எண் தர வேண்டும். மாற்று முறைகள் தொடர்பான தவறுகளில் மிகப் பெரிய சேதம் விளைவிப்பது இந்த இடத்தில் நேரும் தவறுதான்.

மட்டாஞ்சேரியின் சுக்கு இதற்கு நல்ல உதாரணம். இஞ்சியைத் தோல் சீவி வெயிலில் காயவைத்தால் சாதாரணச் சுக்கு. சுண்ணாம்பு நீரில் தோய்த்துக் காயவைத்தால் வெளுத்த சுக்கு. கிடங்கு முற்றங்களில் பெண்கள் பரப்பிக் கிளறிவிடும் இரண்டு குவியல்களும் ஒரே தோட்டத்து இஞ்சியாக இருக்கலாம். வெளுத்த சுக்குக்குச் சந்தை பெரும்பாலும் மேற்கு ஆசியா. அதை மற்ற நாட்டு வாங்குபவருக்கு அனுப்பினால் சுண்ணாம்பு அளவுக்காகவே சரக்கு திரும்பும். இவற்றை ஒரே ஐட்டம் எண்ணின் கீழ் இரண்டு முறைகளாகப் பதிந்துவிட்டால் மென்பொருளின் கண்ணுக்கு இருப்பு ஒன்றாகத் தெரியும். ஒரு வாங்குபவருக்கு உரிய சரக்கை இன்னொருவரின் ஆர்டரில் கழித்துவிட்டு, தேவை தீர்ந்தது என்று சொல்லும்.

கிருமி நீக்கத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மிளகில் உள்ள நுண்ணுயிர்களைக் குறைக்க நீராவி உண்டு, எத்திலீன் ஆக்சைடு வாயு உண்டு, காமாக் கதிர்வீச்சு உண்டு. மகாராஷ்டிரத்தின் வாஷியில் நறுமணப் பொருள்களுக்கான கதிர்வீச்சு ஆலை 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. கிருமி எண்ணிக்கை ஒன்றை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஆனால் எத்திலீன் ஆக்சைடை அமெரிக்கா நறுமணப் பொருள்களுக்கு அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் உணவுக்குத் தடை செய்திருக்கிறது. 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் அந்த வாயுவின் எச்சம் தென்பட்டதும், ஐரோப்பாவெங்கும் எள் சேர்த்த ரொட்டியும் பிஸ்கட்டும் மாதக்கணக்கில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. கதிர்வீச்சு செய்த சரக்கை ஐரோப்பா ஏற்கும், ஆனால் அதைப் பொட்டலத்தில் அறிவிக்க வேண்டும். பல வாங்குபவர்கள் அதை விரும்புவதில்லை. ஆகவே, நீராவி கண்ட மிளகும் வாயு கண்ட மிளகும் திட்டத்தில் இரண்டு பொருள்கள். ஒரு பெரிய ஆர்டர் அவசரமாக வந்த நாளில் மென்பொருள் தானாக ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும் வாய்ப்பை விட்டுவைக்கவே கூடாது.

வெள்ளை மிளகு, மாற்று முறைகள் என்பதற்கும் தனிப் பொருள்கள் என்பதற்கும் நடுவே நிற்கிறது. ஊறவைத்ததற்கு ஒரு புளித்த வாடை இருக்கும். சீவியதன் மேற்பரப்பில் உரசல் தெரியும். அரைத்துத் தூளாக்கப் போகும் ஆலைக்கு எதுவும் சம்மதமாக இருக்கலாம். முழு மணியாகப் பொட்டலம் கட்டுபவர் ஊறவைத்ததையே கேட்கலாம். இப்படிப்பட்ட நேரத்தில் ஐட்டம் எண்ணை ஒன்றாக வைத்து, ஒவ்வொரு லாட்டின் மீதும் முறையைப் பதிந்து, ஆர்டரில் எந்த முறை ஏற்கப்படும் என்று குறித்துவிடுவது நடைமுறைக்கு உகந்த வழி.

முறை மாறினால் மிஞ்சுவதும் மாறும் என்பது திட்டத்தில் அடிக்கடி விட்டுப்போகும். மேலே சொன்ன மூன்றாம் முறையில் 1,231 கிலோ மிளகு உள்ளே போய் 800 கிலோ வெள்ளை மிளகு வருகிறது. மீதி 431 கிலோவில், உள்ளே போன மிளகில் நூற்றுக்கு முப்பது வீதம், 369 கிலோ தோல். மற்றது தூசியும் சேதாரமும். மிளகின் மணம் தரும் எண்ணெயில் நல்ல பங்கு தோல் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் அந்தத் தோல் எண்ணெய் வடிக்கும் ஆலைக்கு மூலப்பொருள். ஊறவைக்கும் முறைகளில் தோல் அழுகிக் கழிவுநீரோடு போய்விடுகிறது. எனவே சீவும் முறைக்கான பட்டியலில் 369 கிலோ தோல், எதிர்க்குறியோடு, உபபொருளாகப் பதியப்பட வேண்டும். அப்போதுதான் எண்ணெய்க்கான திட்டத்தில் அது வரவாகத் தெரியும். ஆலை அந்த அளவு மிளகைச் சந்தையில் குறைத்து வாங்கும். முதல் முறைக்குத் திரும்பிய வாரத்தில் அந்த வரவு தானாக மறையும். ஒரு பொருளின் முறையை மாற்றியதால் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் இன்னொரு பொருளின் கொள்முதல் மாறுவதை எம்ஆர்பி நேராகக் காட்டிவிடும். காகிதக் கணக்கில் இது பிடிபடுவதற்குள் சரக்குக்குத் தட்டுப்பாடு வந்திருக்கும்.

ஓலியோரெசினில் சிக்கல் ஆழமாகிறது. மிளகின் காரமும் மணமும் சேர்ந்த பிசுபிசுப்பான சாறு அது. எடுக்கும் வழிகளில் ஒன்று, மிளகுத் தூளை நேராகக் கரைப்பானில் கழுவி, பிறகு கரைப்பானை ஆவியாக்கிப் பிரிப்பது. இன்னொன்று இரண்டு கட்டம்: முதலில் நீராவியால் எண்ணெயை வடித்துத் தனியே வைத்து, மிச்சத் தூளிலிருந்து கரைப்பானால் காரமான பிசினை எடுத்து, கடைசியில் எண்ணெயை வேண்டிய அளவு கலப்பது. மூன்றாவது வழியில் கரைப்பானே கரியமில வாயு. 31 டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 74 பார் அழுத்தத்துக்கும் மேலே அது திரவத்தைப் போலக் கரைக்கும், வாயுவைப் போல ஊடுருவும். அழுத்தத்தை இறக்கினால் எச்சமில்லாமல் விலகிவிடும். ஹெக்சேன் போன்ற கரைப்பானைப் பயன்படுத்தினால் எச்சத்துக்கு வரம்பு உண்டு. அமெரிக்க விதிப்படி நறுமண ஓலியோரெசினில் ஹெக்சேன் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இயற்கை வேளாண் சான்று பெற்ற சரக்குக்கு ஹெக்சேன் அறவே ஆகாது. அங்கே கரியமில வாயு முறை பொருந்தும் தேர்வுகளில் ஒன்றாகிறது.

இந்த முறைகள் படிகளின் எண்ணிக்கையிலேயே வேறுபடுகின்றன. நேர் முறையில் மிளகுக்கும் ஓலியோரெசினுக்கும் நடுவே சேமிக்கும் பொருள் எதுவும் இல்லை. இரண்டு கட்ட முறையில் எண்ணெய் நடுவில் நிற்கிறது. அதுவே தனியாகவும் விற்பனைக்குப் போகும். எம்ஆர்பி ஒவ்வொரு பொருளையும், அது இடம்பெறும் பட்டியல்கள் எல்லாவற்றிலும் மிக ஆழமான படி எதுவோ அந்தப் படியில் வைத்துத்தான் கணக்கிட வேண்டும்; இல்லாவிட்டால் மேலிருந்து வரும் தேவைகள் முழுதும் சேர்வதற்கு முன்பே அந்தப் பொருளின் கணக்கை மூடிவிடும். அபூர்வமாகப் பயன்படும் மாற்று முறையையும் சேர்த்தே இந்த ஆழம் நிர்ணயிக்கப்பட வேண்டும்.

கரைப்பானைப் பட்டியலில் எழுதுவதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 1,000 லிட்டர் ஊற்றி 980 லிட்டரைத் திரும்பப் பிடிக்கும் ஆலை, 1,000 என்று எழுதினால் மென்பொருள் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஆயிரம் லிட்டர் வாங்கச் சொல்லும். செலவான 20 லிட்டரை மட்டும் எழுதினால், முதல் சுற்றைத் தொடங்கத் தொட்டியில் ஆயிரம் இருக்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. செலவைப் பட்டியலிலும், சுழற்சியில் நிற்க வேண்டிய அளவைக் குறைந்தபட்ச இருப்பாகவும் பிரித்து எழுதுவதுதான் சரி.

அடிப்படை எம்ஆர்பிக்கு இயந்திரத்தின் கொள்ளளவு தெரியாது. வரிசையில் முதலில் நிற்கும் முறைக்கே எல்லாத் தேவையையும் அனுப்பிவிடும். தொட்டி நிரம்பி வழிவது தனியாகக் கொள்ளளவுக் கணக்கு பார்க்கும்போதுதான் தெரியும். மாற்று முறைகளின் உண்மையான பயன் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே வாரத்தில் 800 கிலோ வெள்ளை மிளகு வேண்டும், ஊறல் தொட்டிகள் தருவது 500 கிலோ என்றால், 300 கிலோவை இயந்திரத்துக்கு மாற்ற வேண்டும். இயந்திர முறையில் கிலோவுக்கு 40 ரூபாய் கூடுதல் செலவு என்று வைத்தால், தொட்டியில் இன்னும் ஒரு கிலோவுக்கு இடம் கிடைப்பதன் மதிப்பு 40 ரூபாய். சீவிய தோலை விற்கும் வருமானத்தையும் சேர்த்தால் கணக்கு மாறுகிறது. ஒரு கிலோ வெள்ளை மிளகுக்கு 460 கிராம் தோல். தோல் கிலோ 50 ரூபாய்க்குப் போனால் 23 ரூபாய் திரும்பும். வித்தியாசம் 17 ரூபாயாகச் சுருங்கும். புதிய தொட்டி கட்டுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டிய எண் இந்த 17தான்.

பொருளியலில் இதற்கு நிழல் விலை என்று பெயர். இதன் கணித வேர் எம்ஆர்பியைவிடப் பழையது. 1939இல் லெனின்கிராட்டின் ஒட்டுப்பலகை ஆலைகளுக்காக, வெவ்வேறு மரங்களை வெவ்வேறு வேகத்தில் சீவும் இயந்திரங்களுக்கு வேலையை எப்படிப் பங்கிடுவது என்று லியோனிட் காண்டரோவிச் கணக்கிட்டார். ஒரே வேலைக்குப் பல இயந்திரம், ஒவ்வொன்றிலும் வேறு விளைச்சல்: மாற்று முறைச் சிக்கலேதான். 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்ததும் இந்த நேரியல் திட்டமிடல் கணினிக்கு ஏற்ற வேலையாயிற்று. ஒர்லிக்கியின் நூல் வந்த அதே 1975இல் காண்டரோவிச் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மேம்பட்ட திட்டமிடல் என்ற பெயரில் இப்போது விற்கும் மென்பொருள்கள் இரண்டு மரபையும் சேர்க்க முயல்கின்றன; கொள்ளளவையும் செலவையும் ஒன்றாக வைத்து எந்த முறைக்கு எவ்வளவு என்று அவையே பிரித்துத் தருகின்றன.

அப்படிப் பிரிக்கும் மென்பொருளிடம் முழுதாக விட்டுவிடுவதில் ஒரு ஆபத்து உண்டு. மிளகு விலை நாளுக்கு நாள் அசையும் சரக்கு. விலை கொஞ்சம் நகர்ந்ததும் மென்பொருள் இந்த வாரம் ஊறல், அடுத்த வாரம் சீவல், அதற்கடுத்த வாரம் மறுபடி ஊறல் என்று தாவினால், கீழே பழத்துக்கும் காய்ந்த மிளகுக்கும் போட்ட ஆர்டர்கள் மாறி மாறி ரத்தாகும். தோட்டக்காரரிடம் பறிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு வேண்டாம் என்றால் அடுத்த பருவத்தில் அவர் சரக்கு தரமாட்டார். இதைத் தடுக்க, அருகில் இருக்கும் இரண்டு மூன்று வாரங்களுக்கு வேலி போட்டு, அந்த வேலிக்குள் உள்ள ஆர்டர்களின் முறையை மென்பொருள் தொடாதபடி உறுதி செய்துவிடுவார்கள். வேலிக்கு வெளியே அது எத்தனை முறை மாற்றினாலும் கெடுதல் இல்லை. சிறிய கிடங்குக்கு இயல்பான ஒரு பட்டியலும் கையால் மாற்றும் வசதியும் போதும் என்று முன்பு சொன்னதன் காரணமும் இதுதான். மாற்றுகிறவர் தோட்டக்காரரின் முகத்தையும் நினைத்துக்கொண்டே மாற்றுகிறார்.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் அடியில் இருப்பது தேறும் விகிதம் என்ற ஒற்றை எண். அதை நூலிலிருந்து எடுத்து எழுதிவிட முடியாது. பன்னியூர்-1 போன்ற பெரிய மணி ரகத்தில் தேறுவது வேறு, சிறுமணியில் தேறுவது வேறு. ஈரமும் கணக்கைக் குலைக்கும். நூற்றுக்கு 13 ஈரத்தோடு வந்த 1,000 கிலோ கறுப்பு மிளகில் உலர்ந்த பொருள் 870 கிலோ. அதை 11க்குக் காயவைத்தால் எடை சுமார் 978 கிலோ. யாரும் திருடாமல், எதுவும் சிந்தாமல் 22 கிலோ போய்விட்டது. தரம் பிரிக்கும்போது தூசியும் காம்பும் பொக்கு மணியும் இன்னும் கொஞ்சத்தைக் குறைக்கும். பொக்கு மணி மட்டும் சாறு எடுக்கும் ஆலைக்கு உபபொருளாகப் போகும். இந்தக் கழிவுகளை எல்லாம் ஒரே எண்ணாக உருட்டிப் பட்டியலில் எழுதினால், முறைகளுக்கு இடையே உள்ள உண்மையான வித்தியாசம் ஈரத்தின் வித்தியாசத்துக்குள் மறைந்துபோகும். ஈரக் கழிவை ஒரு படியாகவும், சலிப்புக் கழிவை ஒரு படியாகவும், தோல் நீக்கும் படியைத் தனியாகவும் எழுதினால் எந்த முறை எங்கே இழக்கிறது என்று தெரியும்.

மென்பொருள் வாங்க நினைக்கும் கிடங்குக்காரர் முதலில் ஒரு பருவம் முழுக்க, ஒவ்வொரு லாட்டையும் ஒவ்வொரு படியிலும் எடை போட்டு ஈரம் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அந்த எண்கள் கையில் இருந்தால் இஆர்பிநெக்ஸ்ட் போன்ற இலவச மென்பொருளிலேயே வேலை நடக்கும். அவை இல்லாதவருக்கு விலை கூடிய மென்பொருளும் உதவாது.